பட்டன் போனுக்கு இருநூறு ரூபாயா?

2018-ஆம் ஆண்டின் கடைசியில், ஒரு சிம் கார்டை இருபத்தெட்டு நாள் உயிரோடு வைத்திருக்க ஏர்டெல் கேட்ட குறைந்தபட்சத் தொகை 35 ரூபாய். 2021 ஜூலையில் அது 79 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் 99. 2023-இல் 155. 2024 ஜூலை 3 முதல் 199. ஆறே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல். இதே காலத்தில் மதுரையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் விலை ஏறத்தான் செய்தன. ஆனால் ஐந்து மடங்கு ஏறிய வேறோர் அன்றாடத் தேவையைச் சொல்லச் சொன்னால் எந்தக் குடும்பத் தலைவிக்கும் சட்டென்று பதில் வராது.

இந்த 199 ரூபாய் நாள் முழுக்க வீடியோ பார்ப்பவருக்கான விலை அன்று. அழைப்பு வந்தால் எடுத்துப் பேச வேண்டும், வங்கிச் செய்தி வந்தால் பேரப்பிள்ளையிடம் காட்டிப் படிக்க வேண்டும் என்பதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காத, பட்டன் போன் வைத்திருக்கும் ஒருவர் கட்ட வேண்டிய ஆகக் குறைந்த மாதக் கட்டணம் அது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வோடஃபோன் ஐடியாவிலும் அதே 199தான். ஜியோவில் 189. ஆனால் ஜியோவுக்கு 2ஜி கிடையாது. சாதாரண பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. ஆக, பழைய கைபேசியோடு காலம் தள்ளுகிறவருக்குத் தனியாரில் இரண்டே கடைகள், இரண்டிலும் ஒரே விலை.

மாதக் கட்டணம் என்பதும் சரியில்லை. இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கட்டினால் போதாது, பதின்மூன்று முறை கட்ட வேண்டும். 199-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 2,587 ரூபாய். தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். இரண்டு மாத ஓய்வூதியத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் ஒரு பட்டன் போனை ஓராண்டு உயிரோடு வைத்திருக்க முடியாது. அந்த 2,587 ரூபாயில் ஏறத்தாழ 395 ரூபாய் ஜிஎஸ்டி. ரீசார்ஜுக்கு வரி 18 சதவீதம். 2025 செப்டம்பரில் வரி விகிதங்களைக் குறைத்தபோது டிவியும் ஏசியும் 28-இலிருந்து 18-க்கு இறங்கின. ரீசார்ஜ் மீதான 18-இல் யாரும் கை வைக்கவில்லை.

செக்கானூரணியில் பேருந்துச் சாலையை ஒட்டி ரீசார்ஜ், ஜெராக்ஸ், டெம்பர் கிளாஸ் என்று எல்லாம் சேர்ந்த சின்னக் கடை ஒன்று. பின்மூடி உடைந்து, பேட்டரி விழாமல் இருக்க ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு போனை ஒரு மூதாட்டி மேசை மேல் வைக்கிறார். கடைக்கார இளைஞர் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார். "ஆத்தா, வேலிடிட்டி முடிஞ்சு போச்சு. நூத்தித் தொண்ணூத்தொம்போது போடணும்." "நான் யாருக்குய்யா பேசப் போறேன்? திருப்பூர்ல இருந்து மகன் கூப்ட்டா எடுக்கணும், அம்புட்டுத்தான். ஒரு அம்பது ரூவாய்க்குப் போட்டு விடு." "அம்பது ரூவாய்க்கு இப்ப எதுவும் இல்ல ஆத்தா. டாப்-அப் போட்டாலும் வேலிடிட்டி வராது." கடைக்காரர் சொன்னது முழு உண்மை. பத்து ரூபாய் டாப்-அப் இன்றும் இருக்கிறது. 7 ரூபாய் 47 காசு பேச்சு நேரம் கிடைக்கும். வேலிடிட்டி இல்லாத சிம்மில் அந்தப் பணம் கிடந்து என்ன பயன்? 199 ரூபாய் போட்டால் அவருக்கு 2 ஜிபி இணையமும் சேர்ந்து வருகிறது. அந்தப் போனில் இணையமே திறக்காது.

சினிமா டிக்கெட் வாங்கினால்தான் டவுன் பஸ்ஸில் ஏற்றுவேன் என்று நடத்துனர் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? கைபேசியில் மட்டும் அதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது எப்படித் தொடங்கியது என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கைபேசி வந்த புதிதில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்தார்கள். 2003 மே 1 முதல் 'அழைப்பவரே கட்டணம் செலுத்துவது' என்ற முறை வந்தது. உள்வரும் அழைப்பு இலவசம் ஆனது. கைபேசி கொத்தனார் கைக்கும், பூக்கட்டும் பெண்ணின் கைக்கும், பால்காரரின் கைக்கும் வந்து சேர்ந்தது அந்த ஒரே மாற்றத்தால்தான். 2005 கடைசியில் 'லைஃப் டைம்' சிம்கள் வந்தன. ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரு தொகையை ஒரே தவணையில் கட்டினால் ஆயுளுக்கும் இன்கமிங் உண்டு என்று சொல்லி விற்றார்கள். அன்றைக்கு அது சின்னத் தொகை அன்று. வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. 2018 கடைசியில் மாதந்தோறும் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் முதலில் அவுட்கோயிங், பிறகு இன்கமிங் என்று துண்டிக்கத் தொடங்கினார்கள். கணக்கில் போதிய பணம் இருக்கும்போது இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று, டிராய் என்று நாம் சொல்லும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆண்டு நவம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சொன்னது. அதன் பிறகு நடந்ததற்கு முதல் பத்தியில் உள்ள விலைப் படிகளே சாட்சி. 2003-இல் மக்களுக்குக் கிடைத்த இலவச இன்கமிங் எந்தச் சட்டத் திருத்தமும் இல்லாமல், எந்த விவாதமும் இல்லாமல் பறிபோயிற்று.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால், அழைத்த நிறுவனம் ஏற்கும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை காசு என்று தர வேண்டியிருந்தது. அது 14 காசாக இருந்து 2017 அக்டோபரில் 6 காசாகி, 2021 ஜனவரி 1 முதல் இல்லாமலே போனது. வெறும் இன்கமிங்குக்கு மட்டும் சிம் வைத்திருப்பவரால் நிறுவனத்துக்கு இப்போது நேரடி வருமானம் இல்லை. அவருக்கும் கோபுரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், அலைக்கற்றை வேண்டும். ஆகவே ஒரு கட்டணம் வேண்டும் என்பதை ஏற்கலாம். அந்தக் கட்டணம் 35-இலிருந்து 199-க்குப் போனதற்கு இந்தக் கணக்கு எந்த வகையிலும் விடை ஆகாது.

விடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக 300 ரூபாய் வர வேண்டும் என்பதை ஏர்டெல் தலைமை பல ஆண்டுகளாக வெளிப்படையாகவே சொல்லி வருகிறது. 2025-இல் அந்தச் சராசரி 250-ஐத் தொட்டது. மீதி ஐம்பது ரூபாய் எங்கிருந்து வரும்? அதிகம் பயன்படுத்துகிறவர் அதிகம் கட்டுவது ஒரு வழி. அடிமட்டத்தில் இருப்பவரை மேலே தள்ளுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி எப்படி நடக்கிறது என்பதை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். தினம் ஒரு ஜிபி தரும் 249 ரூபாய்த் திட்டத்தை ஜியோ தன் செயலியிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்த சில நாளில் ஏர்டெலும் தன் 249 ரூபாய்த் திட்டத்தை எடுத்தது. விலை உயர்வு என்று யாரும் அறிவிக்கவில்லை. செயலியைத் திறந்து பார்த்தபோது அந்த வரி அங்கே இல்லை, அவ்வளவுதான். இருபத்தெட்டு நாளுக்குத் தினசரி இணையம் வேண்டுமென்றால் 299 என்றானது. நூறு நாள் வேலையில் தமிழகத்துக்கு 2024-25-இல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஆன்லைன் வகுப்புக் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் வாங்கும் கல்லூரிப் பிள்ளையின் ஒரு ரீசார்ஜ், அம்மாவின் ஒரு நாள் மண்வெட்டு.

ஏழைக்குத்தான் விலை கூடுதல் என்பது இந்தத் துறையில் எப்படி அப்பட்டமாக நடக்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று டிராய் ஒரு நல்ல உத்தரவைப் போட்டது. இணையம் வேண்டாதவர்களுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டங்களை ஒவ்வொரு நிறுவனமும் வைக்க வேண்டும் என்றது. இந்தியாவில் இன்னும் ஏறத்தாழ 15 கோடிப் பேர் 2ஜி போன்களோடு இருக்கிறார்கள் என்பதையும் அது காரணமாகக் காட்டியது. நிறுவனங்கள் பணிந்தன. எப்படிப் பணிந்தன? ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று வைத்தது. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. இருபத்தெட்டு அல்லது முப்பது நாளுக்குக் குரல் மட்டும் தரும் திட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. உத்தரவு அப்படிக் கேட்கவும் இல்லை.

ஏர்டெலில் 1,849 ரூபாயை மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் ஏழு காசு ஆகிறது. 469 புரட்ட முடிந்தவருக்கு ஐந்து ரூபாய் ஐம்பத்தெட்டு காசு. இரண்டும் முடியாமல் மாதாமாதம் 199 கட்டுகிறவருக்கு ஏழு ரூபாய் பதினொரு காசு. கையில் காசு குறைவாக இருப்பவர் ஆண்டுக்கு 738 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். செல்லூரில் தறிக்குப் போகிறவர், அவனியாபுரத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவர், வில்லாபுரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் ஆகியோர் கையில் வாரக்கூலியோ மாதச் சம்பளமோ வருகிற நாளில் மளிகைக் கடை பாக்கி, வட்டி, வாடகை எல்லாம் வரிசையில் நிற்கும். அந்த நாளில் ஐந்நூறு ரூபாயை ஒரு ரீசார்ஜுக்கு எடுத்து வைக்க அவர்களால் ஆகாது. அவர்களுக்காகப் போட்ட உத்தரவின் பலன் அவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

குறைந்த விலையில் கொடுக்கவே முடியாதா என்றால், முடியும் என்பதற்கு நிறுவனங்களே சான்று தருகின்றன. 2023 ஜூலையில் ஜியோ 999 ரூபாய்க்கு 'ஜியோ பாரத்' என்ற சிறிய 4ஜி கைபேசியைக் கொண்டுவந்தது. அதற்கு 28 நாளுக்கு 123 ரூபாய்; அளவில்லா அழைப்பும் 14 ஜிபி இணையமும் உண்டு. 123 ரூபாயில் கட்டுப்படியாகும் சேவைதான் அது. ஆனால் அந்தக் கைபேசியை வாங்கினால் மட்டுமே அந்த விலை. ஏற்கெனவே ஒரு போன் வைத்திருப்பவருக்கு இல்லை.

நாம் அஞ்சுவது பண நெருக்கடியை மட்டும் பார்த்து இல்லை. கைபேசி எண் இப்போது என்னவாக மாறியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லச் சொல்கிறார். ஆதாரில் முகவரி மாற்ற ஓடிபி. பி.எஃப். பணம் எடுக்க ஓடிபி. ரேஷன் கடையில் என்ன வாங்கியதாகப் பதிவானது என்பது குறுஞ்செய்தியில் வருகிறது. மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்டார்கள். பணம் ஏறியது என்ற செய்தியும் அந்த எண்ணுக்கே வருகிறது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போட்டிருப்பவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் விலையைக் கேட்பதும் அதில்தான். நாளைக்கு எந்த ஊரில் வேலை என்று மேஸ்திரி கூப்பிடுவதும் அதில்தான். அந்த அழைப்பு வராவிட்டால் மறுநாள் கூலி இல்லை. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை இன்னொரு படி போனது: பதிவு செய்த சிம் அந்தக் கைபேசியில் இயங்கிக்கொண்டிருந்தால்தான் வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகள் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இணைய மோசடியைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் ரீசார்ஜ் செய்ய முடியாமல் போனாலும் பக்கத்து வீட்டு வைஃபையில் வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு பேசலாம் என்றிருந்த கடைசி வழியும் இனி சிம்மின் உயிரோடு கட்டப்படுகிறது.

இனிமேல்தான் பெரிய ஆபத்து. தொண்ணூறு நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். சில காலம் கழித்து அதே எண் புதிய சிம்மாக வேறொருவருக்கு விற்கப்படும். பிரீபெய்டு கணக்கில் 20 ரூபாய் இருந்தால் பயன்பாடில்லை என்று காரணம் காட்டித் துண்டிக்கக் கூடாது என்ற விதி 2013 முதல் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும், வேலிடிட்டி முடிந்த எண்ணுக்கு அழைப்பும் வருவதில்லை, ஓடிபியும் வருவதில்லை. தொடர்ந்து சில மாதம் ரீசார்ஜ் தவறவிட்ட ஒரு மூதாட்டியின் எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகலாம். வங்கிக் கணக்கில் பதிவாகியிருப்பது இன்னும் அந்தப் பழைய எண்தான். வங்கிக்கு நடந்து, ஆதார் மையத்துக்கு நடந்து, காஸ் ஏஜென்சிக்கு நடந்து எண்ணை மாற்ற ஆகும் கூலி இழப்பை எந்தக் கட்டணப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை.

அரசு ஒரு பொருளை எல்லாக் குடிமக்களிடமும் கட்டாயம் எதிர்பார்க்கிறது என்றால், அது எல்லோருக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அரசின் வேலை. டிராய் இதில் கைகட்டி நிற்பது வேண்டுமென்றே வகுத்துக்கொண்ட கொள்கை. கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளலாம், நடைமுறைக்கு வந்த ஏழு வேலை நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும் என்பதுதான் இன்றைய நடைமுறை. பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் போட்டி போட்ட காலத்தில் அது பொருந்தியது. டாடா டோகோமோ 2009-இல் விநாடிக்கு ஒரு காசு என்றபோது மற்ற எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஆணையம் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இன்று அந்த டோகோமோ இல்லை. யூனினார் இல்லை, ஆர்காம் இல்லை.

ஏர்செல்லும் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, ஒரு காலத்தில் இங்கே முதலிடத்தில் இருந்த நிறுவனம் அது. 2018 பிப்ரவரியில் அதன் சிக்னல் ஊர் ஊராக அணைந்தபோது மதுரை உட்பட மாநிலமெங்கும் என்ன பாடு பட்டோம் என்பது பலருக்கு நினைவிருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாற 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஓர் எண் வாங்க வேண்டும். சிக்னலே இல்லாத போனில் குறுஞ்செய்தி எப்படிப் போகும்? பிப்ரவரி 28 அன்று நிறுவனம் திவால் மனு போட்டது. எண்ணைக் காப்பாற்ற முடியாமல் புதிய எண் வாங்கியவர்கள், பழைய எண்ணோடு கட்டியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. அப்போதே கைபேசி எண் என்பது எவ்வளவு பெரிய உடைமை, அது எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பது தெரிந்துவிட்டது. பாடம் கற்க வேண்டியவர்கள் கற்கவில்லை.

இப்போது எஞ்சியிருப்பவை மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும். வாடிக்கையாளர்களில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் ஜியோ, ஏர்டெல் இரண்டில்தான் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் இரண்டும் ஒரே நாளில் விலையை ஏற்றின, மறுநாள் மூன்றாவது ஏற்றியது. அப்போது தமிழகத்திலும் பலர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினார்கள். நாடு முழுவதும் சில மாதங்களுக்கு அதன் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடியது. பிறகு பலர் திரும்பிப் போனார்கள். அதன் உள்நாட்டு 4ஜி நாட்டளவில் தொடங்கி வைக்கப்பட்டதே 2025 செப்டம்பர் 27 அன்றுதான். மற்றவர்கள் 5ஜி விற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில் பொதுத்துறை நிறுவனம் 4ஜிக்குக் காத்திருந்தது. பத்து ஆண்டு தாமதத்தின் விலையை நாம் இன்று ரீசார்ஜில் கட்டுகிறோம் என்று சொன்னால் மிகையில்லை. அந்த பிஎஸ்என்எல்லும் இப்போது மெல்ல அதே வழிக்கு வருகிறது. 35 நாளாக இருந்த 107 ரூபாய்த் திட்டம் 2025-இல் 28 நாளாகச் சுருங்கியது. விலை கூடவில்லை, நாள் குறைந்தது. மக்களுக்குக் கடைசிப் புகலாக இருக்க வேண்டிய நிறுவனம் இதைச் செய்வது தனியார் செய்வதைவிட வருத்தமானது.

இதில் மத்திய அரசு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிஎஸ்என்எல் அதனுடையது. வோடஃபோன் ஐடியாவின் நிலுவையில் 36,950 கோடியை 2025 மார்ச்சில் பங்காக மாற்றிக்கொண்டதால் அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 49 சதவீதம் அதனுடையது. அலைக்கற்றையை விற்பதும் அதுவே. 2022-இல் 5ஜி ஏலத்தில் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி. ஒவ்வொரு ரீசார்ஜிலும் 18 சதவீதத்தை மாநிலங்களோடு பகிர்ந்துகொள்வதும் அதுவே. விலை ஏறினால் இத்தனை வழியிலும் வருமானம் ஏறுகிறது. ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் அதனிடமே இருக்கிறது. நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது: அடித்தட்டுக் கட்டணத்தைக் கட்டுப்படுத்த அரசுக்கு உண்மையில் விருப்பம் இருக்கிறதா?

அதிகாரம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. 1997-ஆம் ஆண்டு டிராய் சட்டத்தின் 11-ஆவது பிரிவு கட்டணத்தை நிர்ணயிக்க ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. தேசிய ரோமிங்குக்கு அது உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022 ஜனவரியில், இருபத்தெட்டு நாள் தந்திரத்தைப் பற்றி மக்கள் முறையிட்டபோது, முப்பது நாள் திட்டம் ஒன்றும் மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒன்று வைக்கச் சொன்னார்கள், ஒன்று வைத்தார்கள். மற்ற திட்டங்கள் பெரும்பாலும் இருபத்தெட்டு, ஐம்பத்தாறு, எண்பத்து நான்கு என்றே ஓடுகின்றன. கடைக்காரரிடம் "ஒரு மாசத்துக்குப் போடு" என்று சொல்கிறவருக்கு இருபத்தெட்டு நாளே கிடைக்கிறது. "மூணு மாசம்" என்றால் ஒரு வாரம் குறைகிறது. நாள்காட்டியில் இல்லாத ஒரு மாதத்தை விற்க அனுமதிப்பது எந்த வகை நுகர்வோர் பாதுகாப்பு?

ஆணையம் செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம். உள்வரும் அழைப்பு, குறுஞ்செய்தி, கொஞ்சம் வெளியழைப்பு மட்டும் உள்ள அடிப்படைத் திட்டம் ஒன்று, முழு மாதத்துக்கு, எல்லா நிறுவனங்களிலும், எல்லாக் கைபேசிகளுக்கும் இருக்க வேண்டும். அதற்கு உச்சவரம்பு விலை வேண்டும். 123 ரூபாயில் 14 ஜிபி தர முடிகிற துறையில், இணையமே இல்லாத திட்டத்துக்கு நூறு ரூபாய்க்குக் கீழே விலை வைப்பது யாரையும் திவாலாக்காது. அந்தத் திட்டத்துக்கு மட்டுமாவது ஜிஎஸ்டியை நீக்க ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழக அரசு குரல் கொடுக்க வேண்டும். வேலிடிட்டி முடிந்த பிறகும் தொண்ணூறு நாளுக்கு வங்கி, ஆதார், அரசுத் திட்டம் தொடர்பான குறுஞ்செய்திகள் தடையில்லாமல் வர வேண்டும். இந்தச் செய்திகளுக்கு அனுப்புகிற வங்கியும் துறையும் ஏற்கெனவே காசு கட்டுகின்றன; கட்டிய காசுக்குச் செய்தி போய்ச் சேரட்டும்.

தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை ஏறியது, சிக்னல் ஏறவில்லை என்ற குறையைப் பேரையூர், எழுமலை, கொட்டாம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் கேட்காமல் திரும்ப முடியாது; வீட்டுக்குள் பேச்சு அறுந்து அறுந்து வருகிறது, வாசலுக்கு வந்து பேச வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் டிராய் கொண்டுவந்த தர விதிகளின்படி எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, பிரீபெய்டுக்குக் கூடுதல் வேலிடிட்டி தர வேண்டும். ஒரு கிராமத்தில் இரண்டு நாள் கோபுரம் அணைந்து கிடந்தால் இந்த விதி தொடாது. மாவட்டம் என்ற அளவுகோலை வட்டம் என்றாவது குறைக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதையும் நாம் பயன்படுத்துவதில்லை. கேட்காத 'காலர் டியூன்', ஜோதிடச் செய்தி என்று காசு பிடித்தால் 155223-க்கு அழைத்து நிறுத்தலாம். இருமுறை சம்மதம் கேட்காமல் அவற்றைத் தொடங்கவே கூடாது என்பது 2013 முதல் விதி. புகார் என்றால் 198-க்கு அழைத்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் முப்பது நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். அங்கும் நடக்காவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தன. வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை. மதுரையின் சட்டக் கல்லூரி மாணவர்களும் நுகர்வோர் அமைப்புகளும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிச் சந்தை நாள்களில் ஒரு மேசை போட்டு, புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் மாதத்துக்கு நூறு வழக்காவது ஆணையத்தின் முன் நிற்கும். அத்தனை வழக்கு ஒரே மாவட்டத்திலிருந்து வரும்போது டெல்லியில் இருப்பவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

நேரம் குறைவு. 300 ரூபாய்ச் சராசரி என்ற இலக்கை யாரும் கைவிடவில்லை. அடுத்த உயர்வு எந்த மாதம் என்றுதான் பங்குச் சந்தையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது 2024-ஐப் போலவே ஒரு வாரக் கெடுவில் வரும். மாட்டுத்தாவணியிலும் செக்கானூரணியிலும் ரீசார்ஜ் கடைக்காரர்கள் புதிய விலையை ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்குள், அடிப்படைத் திட்டத்துக்கான உச்சவரம்பு ஆணையை டிராய் வெளியிட வேண்டும்.